கட்டில் மேல் ஒரு தொப்பி

டூரின், 7 ஜூன் 1961

ஒலிம்பியா அக்காவுக்கு,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். ஆமாம், உன் தம்பி எர்மீனியோ, ஐம்பத்திரண்டு வயது, ஊரார் ஜம்பத்தையெல்லாம் வாராவாரம் பத்திரிகையில் கிண்டல் செய்து வயிறு வளர்க்கிறவன். அப்பா இல்லாத பெண்ணைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போகிற தாய்மாமன், அவளுக்குத் தாத்தா மாதிரி தெரியக்கூடாதே என்று பார்த்தேன். எங்கள் தெரு பார்பர் ஒரு புட்டியைக் கொடுத்து, "போட்டுப் பாருங்க, கல்யாணப் பொண்ணே அடையாளம் தெரியாம முழிக்கும்" என்றான். அதில் பொய்யில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் பூசி அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், என் கழுத்துக்கு மேலே பளபளவென்று ஒரு கத்திரிக்காய் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கூத்தை உன் சம்பந்தியம்மா பொறுக்கியெடுத்த அந்த சான் லூச்சியோ ஹோட்டலிலா நடத்த வேண்டும்? அங்கே குளியல் துண்டுகூட என்னைவிட நல்ல குடும்பத்தில் பிறந்தது. மூலையில் கிரீடம் போட்டிருக்கிறது. உனக்கும் கல்யாணப் பெண் நீவெஸுக்கும் கடலைப் பார்த்த அறைகள். அவள் அறையில்தான் ஏதோ ஓர் அரசர் படுத்து உறங்கியதாகச் சொல்கிற, சிவப்பு வெல்வெட் விதானம் போட்ட அந்தக் கட்டில். எனக்கு அதே மாடியில் பின்கட்டு அறை. அரசரின் குடை அதில் தங்கியிருக்கலாம்.

கிரீடத் துண்டு இரண்டும் பாழ். ஈரத் தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, குளியல் அங்கியோடு, சாயத்தைப் போக்கக் கொஞ்சம் வினிகர் கிடைக்குமா என்று கேட்கத்தான் வெளியே வந்தேன். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நடைபாதையில் ஒரு சுவிட்சர்லாந்துத் தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். ஓடிப்போய் நீவெஸின் கதவைத் தட்டினேன். திறக்க வெகுநேரம் ஆயிற்று. பெண்பிள்ளை, உடை மாற்றிக்கொண்டிருப்பாள். என் தலையைக் காட்டியதும் சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் முகம் வெளுத்துப்போனது. ஒரு துண்டைக் கொடுத்தாள். தலையில் சுற்றிக்கொண்டேன். தொப்பியைக் கட்டிலில் வைத்தேன். வைத்தேன் என்று அன்றைக்கே ஒத்துக்கொண்டேன், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

அந்த நேரம் பார்த்தா நீங்கள் ஊர்வலமாக வர வேண்டும்? முன்னால் உன் சம்பந்தியம்மா டோன்னா அமேலியா, பின்னால் நீ, கல்யாணக் கட்டிலுக்கு விரிப்பு போட இரண்டு கன்னிப்பெண்கள், மேலே தூவ ஒரு தட்டில் சர்க்கரை பாதாம். சம்பந்தியம்மா கட்டிலைப் பார்த்தார். "யாரு தொப்பி அது?" என்றார். கட்டிலில் தொப்பி என்றால் உங்களுக்கெல்லாம் சாவுச் சகுனமாயிற்றே. நான் சொன்னேன்: "என்னோடதுதாங்க." கண்ணேறு படாமலிருக்கக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பவளக் கொம்பைப் பிடித்துக்கொண்டே அந்த அம்மாள் சாய்ந்தார். பாதாம் நாலாபக்கமும் ஓடியது.

சரி, அது என் தப்பு என்றே இருக்கட்டும். ஆனால் பெரிய படிக்கட்டில், இரண்டு வீட்டு உறவும் நிற்க, "இவன் இனிமே எனக்குத் தம்பி இல்ல" என்றாயே, அது யார் தப்பு? நான் திரும்பி வந்துவிடக் கூடாதென்று ரோம் வரைக்கும் பல் டாக்டர் அத்திலியோவைக் காவல் போட்டு ரயிலேற்றினாயே, அது? என் தொப்பியைக்கூடத் தராமல் இந்தக் கத்திரிக்காய்த் தலையோடு அனுப்பினாய். இத்தாலி முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு கன்னியாஸ்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.

நின்றுபோன கல்யாணம் எப்போது நடந்தாலும் நீவெஸின் கை என் கையில்தான். சாகும்போது அத்தான் கீதோ என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை.

நீவெஸ் ஒன்றும் சொல்லவில்லையா?

எர்மீனியோ


நேப்பிள்ஸ், 13 ஜூன்

எர்மீனியோ,

'அன்புள்ள' என்று எழுத வரவில்லை.

பக்கம் பக்கமாக உன் மயிரைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் பெண்ணைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி. சலேர்னோவிலிருந்து வந்த விருந்தாளிகளை வாசலில் நின்று திருப்பி அனுப்பியது நான். சர்ச்சில் கட்டிய பூவை அவிழ்க்கச் சொன்னது நான். கேக்கைப் பக்கத்து அநாதை இல்லத்துக்குக் கொடுத்தோம். அந்தக் குழந்தைகளாவது சிரித்தார்களே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

டூரினுக்குப் போனதும் பெரிய அறிவாளி ஆகிவிட்டாய். கட்டிலில் தொப்பி வைப்பது யார் என்று உனக்குத் தெரியாதா? சாகக்கிடக்கிறவனைப் பார்க்க வருகிற பாதிரியாரும் டாக்டரும். கீதோ போன அன்றைக்கு அந்த டாக்டர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி அவர் கால்மாட்டில் வைத்தார். நான் பாய்ந்து எடுத்து நாற்காலியில் போட்டேன். பலித்துவிட்டது. நீ அப்போது பக்கத்தில்தான் நின்றாய். பக்கத்தில் நின்றுமா, அவர் பெண்ணின் கல்யாணக் கட்டிலில்?

டோன்னா அமேலியா இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை ரைமோந்தோ மட்டும் எங்கிருந்தோ ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் அந்த அம்மாளின் மண்டை உடைந்திருக்கும். தங்கமான பிள்ளை. தினமும் வந்து என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான், ஏதோ அவன் செய்த தப்பு மாதிரி. ஆனால் அம்மா பேச்சை மீறமாட்டான். அந்த அம்மாள் ஒருநாள் செப்டம்பர் என்கிறாள், மறுநாள் சகுனம் கெட்ட கட்டிலுக்கு நிச்சயித்த கல்யாணமே வேண்டாம் என்கிறாள். என் பெண்ணின் வாழ்க்கை அந்தக் கட்டிலில் தொங்குகிறது.

நீவெஸ் சாப்பிடுவதில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு அழுகை வந்துவிடும். நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பரிந்து பேச என்ன இருக்கிறது?

கல்யாணம் நடந்தால் அவள் கையைப் பிடித்துப் போகிறவன் அத்திலியோ. நீ வரவே வேண்டாம்.

உன் தொப்பியை எரிக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. பின்வாசலில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வேலைக்காரி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறாள்.

ஒலிம்பியா


டூரின், 18 ஜூன்

அக்கா,

அத்திலியோவா? நம் ஒன்றுவிட்ட தம்பி என்கிற ஒரே தகுதியில் ஒரு பல் டாக்டரா என் நீவெஸை அழைத்துப் போவது? ஒருத்தர் கையை அவன் மென்மையாகப் பிடித்துப் பார்த்திருக்கிறாயா? அவன் பிடித்தால் எதையாவது பிடுங்காமல் விடமாட்டான். ரோம் வரைக்கும் எதிர் இருக்கையில் உட்கார்ந்து என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "கடைவாய்ப் பல்லையும் ஒரு தடவை காட்டிடு" என்றான். அவ்வளவுதான் அவனுடைய அனுதாபம்.

கீதோவின் கால்மாட்டில் கிடந்த தொப்பியை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லி என்னை அடிக்காதே. கீதோவைக் கொன்றது நுரையீரல், தொப்பி இல்லை. அது உனக்கும் தெரியும், அதனால்தான் உனக்கு இவ்வளவு கோபம்.

நீவெஸ் பேசமாட்டாள். சரி. அவளைத் துளைக்காதே, சாப்பிட மட்டும் வை.

ஆனால் நான் சும்மா இருப்பேன் என்று உன் சம்பந்தியம்மா நினைத்தால், என் தொழில் என்னவென்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

எர்மீனியோ


நேப்பிள்ஸ், 28 ஜூன்

படித்தோம். எல்லாரும் படித்தோம். அத்திலியோ பத்திரிகையில் உன் பத்தி வந்த பக்கத்தைக் கத்தரித்து டோன்னா அமேலியாவுக்கே தபாலில் அனுப்பியிருக்கிறான்.

'தென்பகுதி நகரம் ஒன்றில், பவளக் கொம்பு அணிந்த சீமாட்டி, அலமாரி சாய்வதுபோல் சாய்ந்தார்.' பெயர் போடவில்லையாம், என்ன பெருந்தன்மை. நேப்பிள்ஸில் அலமாரி மாதிரி எத்தனை சம்பந்தியம்மா இருக்கிறார்கள்? அந்த அம்மாள் படுக்கையை விட்டு எழுந்துவிட்டாள், அதற்கு உனக்கு நன்றி. எழுந்து நேராக இங்கே வந்து, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்டாள்.

நீவெஸ் தரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். ரைமோந்தோ அம்மாவை வெளியே அழைத்துப் போனான். இன்னொரு தடவை கேட்டால் நான் என்ன செய்வேன்?

நாலு பேரைச் சிரிக்க வைக்க எங்களை விற்றுவிட்டாய். உன் கடிதம் இனிமேல் வந்தால் பிரிக்கமாட்டேன்.

ஒலிம்பியா


சான் லூச்சியோ ஹோட்டல், நேப்பிள்ஸ், 9 ஜூலை

அக்கா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டோம். உன் தெருவில் நின்று கூப்பிட்டேன். பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடை இறங்கியது. மனசு இளகிவிட்டது, எனக்குத் தின்ன ஏதோ அனுப்புகிறாய் என்று ஓடினேன். உள்ளே, போன வாரம் நான் போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் கிடந்தன. எதிர்வீட்டுப் பால்கனியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாள், "தம்பி, அதுலயே நீயும் ஏறி ஒக்காந்துக்கோ, இழுத்துருவாங்க" என்றாள். உன் தெருவும் உன்னை மாதிரிதான். இந்தக் கடிதத்தை அதே கூடையில் போட்டு, நீ மேலே இழுக்கிற வரைக்கும் கீழேயே நிற்பேன். படி. என்னைப் பிறகு திட்டிக்கொள்.

அந்தப் பத்தி எழுதியது அயோக்கியத்தனம். கோபத்தில் எழுதினேன், எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதுதான் இன்னும் அயோக்கியத்தனம்.

சான் லூச்சியோவில் நுழைந்ததும் மேனேஜர் பந்தோல்ஃபி முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். தொப்பி இல்லை என்று தெரிந்த பிறகுதான் வணக்கம் சொன்னார். அரசர் அறையையே கேட்டேன். உடனே கிடைத்தது. செய்தி பரவிவிட்டதாம், அந்தக் கட்டிலுக்கு எந்த மணப்பெண்ணும் இப்போது வருவதில்லை.

மேனேஜரிடம் என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. சண்டை போடத்தான் வந்தேன், யாரோடு என்று முடிவு செய்யவில்லை. முதலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கட்டிலில், அரசருக்கும் எனக்கும் ஒரே இடம் என்கிற நினைப்பில், நட்டநடுவே மல்லாந்து படுத்தேன். அக்கா, கட்டில் வாயைத் திறந்தது. நிஜமாகவே திறந்தது. என் இடுப்பு உள்ளே போயிற்று, காலும் தலையும் மேலே நின்றன. ஆளைக் கூப்பிடுகிற மணிக்கயிறு எட்டவில்லை. கத்தினேன்.

பந்தோல்ஃபியே வந்து கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் என்னைத் தூக்கினார். "சார், கொரலக் கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

"எறக்குறேன். இது என்ன கட்டில்னு சொல்லுங்க."

"கட்டிலே இல்ல சார்."

வெல்வெட்டை அவரே தூக்கிக் காட்டினார். புகைபிடிக்கிற ஹாலில் கிடந்த இரண்டு பழைய சோபாக்கள். முதுகைக் கழற்றிவிட்டு, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, மேலே மெத்தை. அரசர் கட்டிலைப் போர்க்காலத்தில் இங்கே தங்கிய சிப்பாய்கள் உடைத்து விறகாக்கிவிட்டார்களாம். சண்டை முடிந்து ஹோட்டலைத் திறந்தால், வந்தவர்களெல்லாம் அந்தக் கட்டிலைத்தான் கேட்டார்களாம்.

"இத்தனை வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கலையா?"

"நடுவுல யாரும் படுத்ததில்ல சார். அரசர் எடம்னு மரியாதையா ஆளுக்கொரு ஓரமா படுத்துட்டுப் போயிருவாங்க."

கல்யாணத் தம்பதிகளுமா என்று கேட்டேன். அந்த மனுஷர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது சொல். தொப்பி இருந்தது ஒரு சோபாவில். சோபாவில் தொப்பி வைக்காத மனிதன் இந்த ஊரில் உண்டா? உன் சம்பந்தியம்மாவை ஆள் அம்புகளோடு வந்து மெத்தையைத் தூக்கிப் பார்க்கச் சொல். பந்தோல்ஃபி அழுவார், அழட்டும். மோதிரம் நீவெஸ் விரலிலேயே இருக்கட்டும்.

நீவெஸோடு சர்ச்சுக்குள் நான் நடந்து போகாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை. எனக்குப் பரவாயில்லாமல் இல்லை.

எர்மீனியோ


நேப்பிள்ஸ், 14 ஜூலை

எர்மீனியோ,

நீ டூரின் ரயிலேறிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

டோன்னா அமேலியா போனாள். நானும் போனேன். இரண்டு ஆட்களை வைத்து மெத்தையைத் தூக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தாள், கால் எட்டு இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அந்த சோபா மேலேயே வைத்துவிட்டு, பந்தோல்ஃபியைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வியில் கடற்கரை வரைக்கும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். "எம் மகன ரெண்டு துண்டா பிரிஞ்சு கெடக்குற சோபாவுலயா படுக்க வெக்கப் பாத்தீங்க?" உன் தொப்பி செய்ததைவிட அந்த சோபா செய்திருக்கக் கூடியது பெரிது என்று இப்போது அவளுக்குப் படுகிறது. கல்யாணம் செப்டம்பர் பத்தாம் தேதி. விருந்து அவர்கள் வீட்டுத் தோட்டத்தில். மரக்கட்டில், நான்கு கால், தச்சனை வைத்துப் பார்த்தாகிவிட்டது.

அந்த 'அலமாரி' மட்டும் அவளுக்கு ஆறவில்லை. விருந்தில் உனக்குச் சமையலறைக்குப் பக்கத்து மேஜை.

ஆமாம், விருந்தில். நேற்று அத்திலியோ ரோமிலிருந்து வந்து, சர்ச்சில் எப்படி நடப்பது என்று கூடத்தில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான். நீவெஸ் கையை உருவிக்கொண்டாள். "மாமா வரலேன்னா நான் தனியாவே நடந்து போறேன்" என்றாள். ஒன்றரை மாதத்தில் அவள் சத்தமாகப் பேசிய முதல் பேச்சு. அத்திலியோ கோபித்துக்கொண்டு மத்தியான ரயிலுக்கே போய்விட்டான்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. படிக்கட்டில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதமாட்டேன். அந்தப் பத்திக்கு நீ இன்னும் நிறைய வாங்க வேண்டியிருக்கிறது. வா, வந்து வாங்கிக்கொள்.

உன் தொப்பியை அனுப்பிவைக்கலாம் என்று இன்று காலை ஆணியிலிருந்து எடுத்தேன். தூசி தட்டி உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பட்டு உள்பட்டை, புத்தம் புதிது. ஈரச் சாயத்தோடு கவிழ்த்துக்கொண்டு வந்தேன் என்று நீதானே எழுதினாய்? இரண்டு துண்டைப் பாழாக்கிய சாயம் இதில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அந்த நேரத்துக்கு ரைமோந்தோ வந்தான். கையில் இருந்ததை ஒன்றும் சொல்லாமல் அவன் தலையில் வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அவன் காது சிவந்துபோயிற்று. நீவெஸ் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவன் எங்கிருந்து ஓடிவந்து அம்மாவைப் பிடித்தான் என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு ஆள் ஒளிய அந்த அறையில் பால்கனித் திரைதான் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள், எர்மீனியோ. விரிப்பு போடுவதற்கு முன்னால். டோன்னா அமேலியாவுக்குத் தெரிந்தால் இந்தத் தடவை நிஜமாகவே மண்டை உடையும். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்க்கதை ஒன்றை ஒரு மணி நேரம் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நீ, இதை மட்டும் ஒன்றரை மாதம் வைத்திருந்தாய். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் சேர்த்து உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

தொப்பியை என்ன செய்வது?

ஒலிம்பியா


டூரின், 18 ஜூலை

அக்கா,

மாப்பிள்ளைக்கே கொடுத்துவிடு. இத்தாலி முழுக்கச் சிரித்தது என்று எழுதினேனே, அதில் பாதியைக் கழித்துக்கொள். என் தொப்பி பெட்டிக்குள்தான் இருந்தது. ரோமில் அத்திலியோ இறங்கியதும் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எர்மீனியோ